சிற்றூரில் வளர்ந்த கலைக்கல்வி

கருநாடக மாநிலத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், கமுகந்தோட்டங்களின் நடுவே அமைந்த சிற்றூர் ஹெக்கோடு. அவ்வூரைச் சார்ந்து வாழ்ந்த கே. வி. சுப்பண்ணா வேளாண்குடும்பம் ஒன்றில் 1932ஆம் ஆண்டு பிறந்தவர். மைசூரில் கல்லூரிக் கல்வி பெற்ற அவர், நகர வாழ்வை நாடாது தம் ஊருக்கே திரும்பினார்.

1949ஆம் ஆண்டில் ஹெக்கோட்டில் 'நீலகண்டேசுவர நாட்டிய சேவா சங்கம்' என்னும் நாடக மன்றம் தோன்றியது. அதனைச் சுருக்கமாக 'நீனாசம்' என்பர். சுப்பண்ணா அதனை ஒரு கல்விக்கூடமாகவே வளர்த்தார். பிறமொழி நாடகங்களைக் கன்னடத்தில் மொழிபெயர்த்தார். 1957இல் நூல் வெளியீட்டகம் ஒன்றையும் நிறுவினார்.

உயர்ந்த கலை கற்றோர்க்கும் நகரத்தார்க்குமே விளங்கும் என்று கருதுவோர் பலர். சுப்பண்ணா அதற்கு உடன்படவில்லை. 1973இல் அவர் ஊரில் திரைப்படச் சங்கம் அமைத்தார். புனே நகரில் 1964இல் நிறுவப்பெற்ற தேசியத் திரைப்படக் காப்பகத்திலிருந்து படச்சுருள்கள் வந்தன. பழம்படங்களைத் தேடித்தேடிச் சேர்த்த காப்பக அறிஞர் பி. கே. நாயர் இப்பணிக்குத் துணைநின்றார்.

இத்தாலியப் படமாகிய 'சைக்கிள் திருடர்கள்', ஜப்பானியப் படமாகிய 'ராஷோமோன்', வங்கப் படமாகிய 'பதேர் பாஞ்சாலி' ஆகியவற்றை உழவர்கள் கண்டனர். மிதிவண்டி களவுபோனமையால் பிழைப்பிழந்து, மகனுடன் தெருத்தெருவாக அலையும் தொழிலாளியின் துயரை, உழைத்துண்பவர் உணரமாட்டாரோ? படம் காட்டுவதோடு பணி முடிந்துவிடவில்லை. படத்தின் அமைப்பையும் வரலாற்றையும் விளக்கும் சுவைப்புப் பயிற்சி வகுப்புகளும் நடைபெற்றன.

1980இல் இளைஞர்க்கு நடிப்பும் நாடக வரலாறும் கற்பிக்கும் பள்ளி அங்கே தொடங்கப்பெற்றது. பயின்றவர்கள் நாடகம் நடத்த வழி வேண்டுமன்றோ? அதற்கென 1985இல் 'திருகாட' என்னும் ஊர்சுற்றும் நாடகக்குழு எழுந்தது. அது மாநிலமெங்கும் சென்று உலகின் சிறந்த நாடகங்களைக் கன்னடத்தில் நடித்துக்காட்டியது.

இத்தொண்டினைப் போற்றி 1991இல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது வழங்கப்பெற்றது. அவர் 2005இல் மறைந்தார். காப்பகத்தில் உறங்கும் படச்சுருளும் ஏட்டில் உறங்கும் நாடகமும் பழஞ்செல்வங்களே. எனினும், காண்போரும் கற்போரும் இல்லையெனில் அவை பூட்டிய பெட்டகத்துப் பொன் போன்றவை. அப்பெட்டகத்தைத் திறந்து, எளிய மக்கள் முன்னிலையில் வைத்ததே சுப்பண்ணாவின் அருஞ்செயலாகும்.