ஓடும் வண்டியிலிருந்து ஈ.சி.ஜி.: தகவலுக்கு எது நல்ல வழி?

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. மாரடைப்பு வந்தவர் ஆஸ்பத்திரி சேரும் முன்பே அவருடைய ஈ.சி.ஜி. டாக்டர் பார்வைக்குப் போய்விட்டால், வேண்டியதைத் தயாராக எடுத்து வைக்கலாம். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசைக்குச் சேதம்தான்.

ஆனால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற பாதையில் பாறை மறைத்தால் டவர் கிடைக்காமல் போகலாம். அப்போது முன்னால் போகும் வண்டிகள் ஒன்றுக்கொன்று கைமாற்றி, தகவலை டவர் உள்ள இடம் வரை சேர்க்க முடியும். இதற்குத்தான் வாகன வலையமைப்பு என்று பெயர். இதற்கான 802.11பி என்ற தரம் 2010-ல் வந்தது.

எவ்வளவு தகவல்?

நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு எல்லாம் சேர்ந்து 100 பைட்டுக்குள் அடங்கும். ஈ.சி.ஜி. அப்படியல்ல. 12 லீடில் 8-ஐ அனுப்பினால் போதும், மீதி 4-ஐக் கணக்கிட்டுக்கொள்ளலாம். வினாடிக்கு 500 சாம்பிள், சாம்பிளுக்கு 16 பிட் என்றால், 8 × 500 × 16 = 64,000 பிட். 10 வினாடிக்கு 80,000 பைட்.

இருக்கும் முறைகள்

1999-ல் வெளியான ஏ.ஓ.டி.வி. முறை, "வழி இருக்கா?" என்று எல்லா வண்டியையும் கேட்டு வழி பிடிக்கும். நடுவில் ஒரு வண்டி பிரிந்துபோனால் மறுபடியும் கேட்க வேண்டும். பிராட் கார்ப், எச்.டி. குங் இருவரும் 2000-ல் வெளியிட்ட ஜி.பி.எஸ்.ஆர். முறை, சேர வேண்டிய இடத்துக்கு மிக அருகில் இருக்கும் வண்டியிடம் கொடுக்கும். அது எந்தப் பக்கம், என்ன வேகத்தில் போகிறது என்று பார்க்காது.

ஒரு கணக்கு

நேரான சாலை, சிக்னல் எட்டும் தூரம் 300 மீட்டர், ஆம்புலன்ஸ் வேகம் 60 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். எதிரே 60 கி.மீ. வேகத்தில் வரும் லாரியுடன் தொடர்பு 18 வினாடிதான். அதே திசையில் 50 கி.மீ. வேகத்தில் போகும் பஸ்ஸுடன் 216 வினாடி. 12 மடங்கு! எனவே எவ்வளவு நேரம் தொடர்பு நிற்கும் என்பதையும் பார்த்தே அடுத்த வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வழியே இல்லாவிட்டால்?

எங்க வீட்டில் பாலிடெக்னிக் வரை வந்தது நான்தான் முதல். அம்மாவிடம் இதை விளக்கியபோது, "பஸ் டிரைவர்கிட்ட பார்சல் குடுத்து விடற மாதிரியா?" என்றார். அதேதான்! வழி கிடைக்கும் வரை தகவலை வண்டியிலேயே சேமித்து எடுத்துப்போய்க் கொடுப்பது. ஆனால் அந்த பஸ் ஆம்புலன்ஸைவிட முந்தி டவரை அடையாது என்றால் கொடுத்துப் பயனில்லை. ஆம்புலன்ஸே வைத்திருக்கட்டும்.

செய்ய வேண்டியவை

1. நாடித்துடிப்பு போன்ற சிறு தகவல் முதலில், ஈ.சி.ஜி. துண்டு துண்டாகப் பின்னால் போக வேண்டும்.
2. ஒவ்வொரு துண்டிலும் வரிசை எண்ணும் அளந்த நேரமும் வேண்டும். இல்லையென்றால் பத்து நிமிடத்துக்கு முந்தைய துடிப்பை இப்போதையது என்று டாக்டர் நினைத்துவிடுவார்.
3. வழியில் சுமக்கும் வண்டி படிக்க முடியாதபடி பூட்டி அனுப்ப வேண்டும்.

குறுக்கு வழியைவிட அறுந்துபோகாத வழியே நோயாளிக்கு நல்லது. எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர், ஆட்டோமொபைல் மூன்று பிரிவு நண்பர்களும் சேர்ந்தால், இறுதியாண்டு புராஜெக்ட்டாக மூன்று பைக்கில் மூன்று ரேடியோ போர்டு வைத்து நம்ம காலேஜ் மைதானத்திலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். வாருங்கள்!