சீனிக் குளிசை மட்டும் போதாது

சீனி வருத்தக்காரரின் உயிரைப் பெரும்பாலும் எடுப்பது மாரடைப்பும் பாரிசவாதமும்தான். 2007இல் படுவான்கரையிலிருந்தும் வாகரையிலிருந்தும் இடம்பெயர்ந்து பின்னர் வீடு திரும்பிய சிலர், "சீனி இறங்கிட்டுது, பிரஷர்க் குளிசை இனி என்னத்துக்கு?" என்று கேட்டதுண்டு. இதயத்தைக் காப்பதே அந்தக் குளிசைதான்.

கூடிய சீனி, உயர் இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல் மூன்றும் ஒரே இரத்தக் குழாய்களைத்தான் பழுதாக்குகின்றன. அதனால்தான் வைத்தியர் சீனிக்கு மெற்போமின், அழுத்தத்துக்கு எனலபிரில், கொலஸ்ட்ரோலுக்கு சிம்வஸ்ரற்றின் என்று சேர்த்து எழுதுகிறார். இரத்தம் கட்டியாகாமல் இருக்க அஸ்பிரினும் சிலருக்கு உண்டு. எனலபிரில் சிறுநீரகத்துக்கும் காவல்.

டென்மார்க்கில் சீனி வருத்தமுள்ள 160 பேரை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கவனித்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். உணவு, உடற்பயிற்சி, இத்தகைய மருந்துகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கடைப்பிடித்த பிரிவினரிடம் மாரடைப்பும் பாரிசவாதமும் மற்றப் பிரிவினரைவிடப் பாதியளவுக்குக் குறைந்திருந்தன. ஒரு குளிசையால் வந்த பலனல்ல அது.

பெயர்க் குழப்பம்தான் பெரிய தொல்லை. நடமாடும் வைத்திய சேவை தந்தது ஒரு உறையில், ஆசுபத்திரி தந்தது இன்னொன்றில், பார்மசியில் வாங்கியது கம்பனிப் பெயரில். பெயர் மூன்றென்றாலும் மருந்து ஒன்றாக இருக்கலாம். தெரியாமல் இரட்டிப்பாகப் போட்டால் ஆபத்து. வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கொப்பி தொலைந்திருந்தால் கூச்சப்படாமல் புதியது கேளுங்கள். அயலவரின் குளிசையை வாங்கிப் போடவே வேண்டாம்.

எனலபிரில் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கிறது. கர்ப்பிணிகளும் கர்ப்பமாக எண்ணியிருப்பவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எனலபிரிலும் சிம்வஸ்ரற்றினும் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது.

மண்டூர்ப் பக்கத்தார் குருமண்வெளிக்குப் 'பாதை'யில் வாவியைக் கடப்பதுண்டு. மாரி வெள்ளத்தில் அது நின்றால் குளிசையும் நின்றுவிடும். ஆகவே கையிலுள்ளது முடிய ஒரு கிழமை இருக்கும்போதே போய் எடுத்து வையுங்கள்.

சீனி வருத்தக்காரருக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரும். திடீர் வியர்வை, மூச்சிரைப்பு, காரணமில்லாத களைப்பு, ஓங்காளம் கண்டால் வாயுவென்று இஞ்சித் தண்ணி குடித்துப் படுக்க வேண்டாம். இரவென்றாலும் உடனே கிட்டிய வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள், குளிசைப் பையையும் எடுத்துக்கொண்டு.