ஸ்ரீவைகுண்டத்தைத் தேடினால் கிடைக்கலையா? திருத்த நீங்களும் கை கொடுக்கலாம்

கைபேசியில் ஒரு செயலியைத் திறந்து 'ஸ்ரீவைகுண்டம்' என்று தட்டச்சு செய்து தேடுறீங்க. 'எதுவும் கிடைக்கவில்லை' என்று வருது. ஊர்ப் பட்டியலை விரலால் தள்ளிக்கொண்டே போனால், அதே ஊர் அங்கேதான் இருக்கு. எழுத்துப்பிழையும் இல்லை. அப்போ கோளாறு எங்கே?

'ஸ்ரீ' என்ற எழுத்தை கணினிக்குள் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். அதில்தான் சிக்கல். முதலில் 'ஸ' எழுத்தை வைத்து 'ஸ்ரீ' எழுதும் முறை இருந்தது. 2005-ல் யூனிகோடு 4.1 பதிப்பில் 'ஶ' என்ற எழுத்து சேர்ந்த பிறகு, அதை வைத்து எழுதும் முறையும் வந்தது. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். பட்டியலில் ஒரு முறையும் உங்க விசைப்பலகையில் இன்னொரு முறையும் இருந்தால், தேடல் தோற்றுப்போகும்.

இதைச் சரிசெய்ய யாரோ ஒருவர் சில வரி நிரல் எழுதணும். அந்த ஒருவர் பாளையங்கோட்டையில் படிக்கும் ஒரு கல்லூரி மாணவியாகவும் இருக்கலாம். எப்படி என்று இந்தப் பாடத்தில் பார்க்கலாம்.

திறந்த மூலம் என்றால்?

ஒரு மென்பொருளின் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று உரிமம் கொடுத்திருந்தால் அது திறந்த மூல மென்பொருள். இது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. உங்க பிள்ளையின் பாடப்புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் திறக்கும் தீக்ஷா தளம், சன்பேர்ட் என்ற திறந்த மூல மென்பொருளின் மேல் கட்டப்பட்டது. அரசு அமைப்புகளில் திறந்த மூல மென்பொருளைப் பயன்படுத்த மத்திய அரசு 2015-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது.

தமிழுக்கென்றும் இப்படி முயற்சிகள் உண்டு. 'எழில்' நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை தொடங்கி, பல தன்னார்வலர்கள் கைகொடுத்த 'ஓப்பன்-தமிழ்' அதில் ஒன்று. பைத்தான் மொழியில் தமிழ் எழுத்துகளைக் கையாள உதவும் நிரல்தொகுப்பு இது. இது எதற்குத் தேவை? 'திருநெல்வேலி'யில் எத்தனை எழுத்து என்று உங்களைக் கேட்டால் ஆறு என்பீங்க. பைத்தானிடம் நேரடியாகக் கேட்டால் 12 என்று சொல்லும், ஏன்னா அது 'த'வையும் இகரக் குறியையும் தனித்தனியாக எண்ணுது. ஓப்பன்-தமிழ் அதை ஆறாகப் பிரித்துக் கொடுக்கும்.

புதிதாக வருபவர் செய்ய வேண்டியவை

1. முதலில் படியுங்க. திட்டத்தின் பக்கத்தில் பங்களிப்பு விதிமுறைகள் இருக்கும். புதியவர்களுக்கு ஏற்ற சின்ன வேலைகளைத் தனியாகக் குறித்தும் வைத்திருப்பாங்க. அதிலிருந்து ஒன்றை எடுங்க.

2. கோளாறைத் தெளிவாகச் சொல்லுங்க. 'தேடல் வேலை செய்யலை' என்றால் யாருக்கும் புரியாது. என்ன தட்டச்சு செய்தீங்க, எந்த விசைப்பலகை, என்ன வந்தது, என்ன வந்திருக்கணும் ஆகிய நான்கையும் எழுதுங்க. இதற்கு நிரல் தெரிய வேண்டாம், கைபேசியே போதும்.

3. நகலெடுத்து மாற்றுங்க. மூலத்தை நேரடியாகத் தொட முடியாது. உங்க கணக்கில் ஒரு நகல் எடுத்து (இதற்கு ஃபோர்க் என்று பெயர்) அதில் திருத்துங்க. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் போதும்.

4. சேர்க்கச் சொல்லிக் கேளுங்க. இதுதான் புல் ரிக்வெஸ்ட். என்ன மாற்றினீங்க, ஏன் மாற்றினீங்க, எப்படிச் சோதித்தீங்க என்று மூன்று வரி எழுதுங்க.

5. காத்திருங்க. மறுமுனையில் இருப்பவர் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர். வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் பார்ப்பார்.

எச்சரிக்கை: கோளாறைக் காட்ட ஸ்கிரீன்ஷாட் போடும்போது ஆதார் எண், கைபேசி எண், முகவரி எல்லாவற்றையும் மறைத்துவிடுங்க. இந்தத் தளங்களை உலகமே பார்க்கும். கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதி அனுப்பிவிட்டு அப்புறம் நீக்கினாலும், பழைய பதிப்புகளின் வரலாற்றில் அது அப்படியே இருக்கும். உடனே கடவுச்சொல்லை மாற்றுவதுதான் ஒரே வழி.

பராமரிப்பவர் செய்ய வேண்டியவை

பாடத்தின் முக்கியமான பகுதி இதுதான். புதியவர் ஒருவர் முதன்முதலாக அனுப்பும் நிரலில் குறை இருக்கத்தான் செய்யும். அதை எப்படிக் கையாளுகிறோமோ, அதை வைத்துத்தான் அவர் இரண்டாவது முறை வருவாரா என்பது முடிவாகும்.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். மாணவி ஒருவர் ஸ்ரீவைகுண்டம் தேடலைச் சரிசெய்து அனுப்புறார். ஆனால் அந்த ஓர் ஊர்ப்பெயரை மட்டும் நிரலில் எழுதி, பட்டியலில் சேமித்திருந்த பெயரையும் மாற்றிவிட்டார். 'தவறான அணுகுமுறை' என்று இரண்டு சொல்லில் மூடிவிடலாம். பதில் போடாமல் மாதக்கணக்கில் விட்டுவிடவும் செய்யலாம். இரண்டிலும் அவர் திரும்ப வரமாட்டார்.

இப்படி எழுதிப் பாருங்க: 'தேடல் இப்போ வேலை செய்யுது, நன்றிம்மா. ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இதே சிக்கல் வரும். அதனால் ஊர்ப்பெயரை விட்டுவிட்டு, ஸ்ரீயை மட்டும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர முடியுமா? சேமித்த பெயரைத் தொட வேண்டாம், ஒப்பிடும்போது மட்டும் மாற்றினால் போதும். மூன்று ஊருக்கும் ஒரு சோதனை சேர்த்தால் இணைத்துவிடலாம்.'

இதில் நான்கு விஷயங்கள் இருக்கு. சரியாகச் செய்ததைச் சொல்லியாச்சு. குறையைக் காரணத்தோடு சொல்லியாச்சு. அடுத்து என்ன செய்யணும் என்று தெளிவாக இருக்கு. எப்போ முடியும் என்பதும் இருக்கு. சேமித்த பெயரைத் தொட வேண்டாம் என்பதும் சும்மா சொன்னதில்லை. நாளைக்கு இதே நிரல் ஆட்களின் பெயரைத் தேடவும் பயன்படலாம். ஒருவரின் சான்றிதழில் உள்ள பெயரை மென்பொருள் தானாக மாற்றிவிட்டால், அவர் எத்தனை அலுவலகம் ஏறி இறங்கணும்?

அதே மாணவி இன்னொன்றும் கற்றுக்கொள்வார். தாமிரபரணியின் பழம்பெயரான 'பொருநை'யில் வரும் ஒகரக் குறியையும் ஒரே குறியீடாகவோ, இரண்டு குறியீடுகளாகவோ சேமிக்கலாம். அது இரண்டையும் சமம் என்று யூனிகோடே விதித்திருப்பதால், அதற்கான இயல்பாக்கம் பைத்தானில் தயாராகவே இருக்கு. 'ஸ்ரீ'க்கு அப்படி விதி இல்லை. அதனால்தான் தனியாக நிரல் எழுத வேண்டியிருக்கு. இந்த வித்தியாசத்தை ஒரு நல்ல மறுமொழியில் கற்றுக்கொடுத்துவிட முடியும்.

மதகைத் திறக்கவும் தெரியணும், அடைக்கவும் தெரியணும்

வருவதையெல்லாம் சேர்த்துக்கொள்ளவும் முடியாது. 2020 அக்டோபரில், நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் என்று ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வு அறிவித்திருந்தது. ஒரு சொல்லை மட்டும் மாற்றிய வெற்றுத் திருத்தங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்து, தன்னார்வலர்கள் திணறிப்போனாங்க. விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும் என்று விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. எண்ணிக்கைக்காக அனுப்பாதீங்க.

அதைவிடப் பெரிய பாடம் 2024 மார்ச்சில் கிடைத்தது. லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் 'எக்ஸ்-இசட்' என்ற மென்பொருளில், ஒரு கணக்கு இரண்டு ஆண்டுக்கும் மேலாக நல்ல திருத்தங்களாக அனுப்பி நம்பிக்கை சம்பாதித்து, கடைசியில் ரகசியக் கதவு ஒன்றைச் செருகியிருந்தது. கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்ட ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்ததால் உலகம் தப்பியது. அந்த மென்பொருளை அதுவரை தாங்கிவந்தவர் களைத்துப்போன ஒரே ஒரு தன்னார்வலர். ஆளிடம் அன்பாக இருங்க, நிரலைக் கண்டிப்பாகச் சோதியுங்க. முடிந்தால் இரண்டு பேர் பார்த்த பிறகே சேருங்க.

நம் ஆற்றுப்பாசனத்தில் இது புதிதில்லை. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளிலிருந்து வாய்க்கால்கள் பிரியுது. மதகை அடைத்தே வைத்தால் பயிர் காயும். வெள்ளத்தில் முழுசாகத் திறந்துவிட்டால் வயல் அழியும். அளவு பார்த்துத் திறக்க ஆள் வேணும்.

இந்த வாரம் ஒரு வேலை

நீங்க பயன்படுத்தும் திறந்த மூலச் செயலி ஒன்றில் உங்க ஊர்ப்பெயரைத் தேடிப் பாருங்க. தவறாக வந்தால் மேலே சொன்ன நான்கு விவரங்களோடு தெரிவியுங்க. நிரல் எழுதத் தெரியாதவங்க மொழிபெயர்ப்பில் தொடங்கலாம். வெப்லேட் போன்ற தளங்களில் கைபேசி உலாவியிலேயே செய்ய முடியும். வீட்டில் கணினி படிக்கும் தம்பி, தங்கச்சி இருந்தால் இந்தப் பக்கத்தை அவங்களுக்கு அனுப்புங்க. அவங்களுடைய முதல் திருத்தம் ஏதோ ஒரு ஊர்ப்பெயரைத் தேடலில் கிடைக்க வைக்கட்டும்.