சம்பூர் இன்னொரு நிலாவெளி ஆகுமா? வேட்பாளரிடம் நாம் கேட்கவேண்டியவை

2025 மே மாதம் 6ஆந் திகதி நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலுக்கு முந்திய வாரங்களில், மூதூர் கிழக்குக் கிராமங்களுக்கு வேட்பாளர்கள் பலர் வந்துபோனார்கள். சம்பூரில் ஒரு மரநிழலில் நடந்த கூட்டத்திற்கு நாமும் போயிருந்தோம். இளைஞர் ஒருவர் பேசினார். நல்ல பிள்ளை, ஊரை அறிந்தவர். "எங்களிட்டக் கடல் இருக்கு, வெள்ளை மணல் இருக்கு. சபை எங்கட கைக்கு வந்தால் ஐஞ்சு வருசத்தில சம்பூர் இன்னொரு நிலாவெளி" என்றார். சபையின் பதவிக்காலம் நான்கு வருடம் என்பதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை.

முன்னால் இருந்த முதியவர் ஒருவர் மாத்திரம், "தம்பி, அப்ப அந்தக் கடற்கரைக்குப் போற ஒழுங்கை ஆருடையதாய் இருக்கும்?" என்று கேட்டார். "பார்ப்பம் ஐயா" என்பதே பதிலாய் வந்தது. அந்தக் கேள்வியையே இம்முறை நாம் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

முதலில், பிரதேச சபையினால் என்ன முடியாது என்பதை அறிந்துகொள்வது நல்லது. 2006 ஏப்ரலில் எறிகணைகளுக்கும் விமானக் குண்டுகளுக்கும் அஞ்சி ஓடிய எம்மக்கள் மட்டக்களப்பிலும், பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களிலும் ஆண்டுக்கணக்காய் இருந்தார்கள். 2007 மே மாதத்தில் அவர்களின் ஊர் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. 2012இல் 818 ஏக்கர் முதலீட்டுச் சபையின் கைத்தொழில் வலயத்திற்கென ஒதுக்கப்பட்டது. 2015 மே மாதத்தில் அந்த ஒதுக்கீடு இரத்துச் செய்யப்பட்டது; 2016 மார்ச்சில் கடற்படை முகாமிருந்த காணியும் விடுவிக்கப்பட்டது. அனல் மின்நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட, 2025 ஏப்ரல் 5ஆந் திகதி 120 மெகாவாற் சூரிய மின்நிலைய வேலை தொடக்கிவைக்கப்பட்டது. இவற்றுள் ஒன்றையேனும் பிரதேச சபை தீர்மானிக்கவில்லை. எல்லாம் கொழும்பிலே கையொப்பமிடப்பட்டவை.

உல்லாசப் பயணத்துறையிலும் நிலை ஏறத்தாழ அதுதான். கடற்கரை அரசுக்குரியது. உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையான கரையோர வலயத்தில் எதைக் கட்டுவதானாலும், 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். நிலாவெளிக்கு எதிரே கடலில் உள்ள புறாமலையைப் பாருங்கள். அது 2003இல் தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அங்கு போகும் பயணிகள் வாங்கும் நுழைவுச் சீட்டின் பணம் வனசீவராசிகள் திணைக்களத்திற்குச் சேரும். அவர்கள் கரையில் விட்டுப்போகும் போத்தல்களும் பொலித்தீன் பைகளும் குச்சவெளிப் பிரதேச சபைக்குச் சேரும்.

ஆகவே, "கடற்கரையை நான் தருவேன்" என்று சொல்லும் வேட்பாளர் தன்னிடம் இல்லாத ஒன்றைத் தருவதாகச் சொல்கிறார். அதற்காகச் சபை வெறும் பெயர்ப்பலகை என்று எண்ணிவிடலாகாது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகிய மூன்றையும் அதன் பொறுப்பில் வைத்திருக்கிறது. கட்டட வரைபடத்திற்கு அனுமதி கொடுப்பதும் விடுதிக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் உரிமம் கொடுப்பதும் சபையே.

இனி ஒழுங்கைக்கு வருவோம். கடலுக்கும் குளத்துக்கும் வயலுக்கும் போகும் எமது பாதைகளிற் பல, தலைமுறையாய் நடந்ததனால் உண்டானவை. எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாதவை. ஆட்கள் இல்லாதிருந்த ஆண்டுகளில் அவற்றின்மேல் பற்றை வளர்ந்தது. எல்லைக்கல் இருந்த இடமும் தெரியாமற் போயிற்று. கடலோரக் காணி ஒன்று விற்கப்பட்டு, வாங்கியவர் வேலி அடைக்கும்போது, அந்த ஒழுங்கையும் வேலிக்குள் போய்விடும். பிறகு கரைவலை இழுப்பவரும் விறகு பொறுக்குபவரும் மாடு சாய்ப்பவரும் சுற்றிப் போகவேண்டியதுதான். சபை விரும்பினால் இதைத் தடுக்கலாம். ஒரு பாதையைப் பொதுப்பாதையாகப் பிரகடனம் செய்து வர்த்தமானியில் வெளியிட்டு, தன் வீதிப் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ள அதற்கு அதிகாரம் உண்டு. அப்படிச் செய்தபின் வேலி போடுபவர் சபையோடு வழக்காட வேண்டும். அதற்குமுன் என்றால் ஏழை விவசாயியோடு மாத்திரம் வழக்காடினாற் போதும். காணி விலை ஏறுமுன் செய்யவேண்டிய வேலை இது. விலை ஏறியபின் எந்தத் தவிசாளருக்கும் கை நடுங்கும்.

பணத்தைப் பற்றி ஒரு சொல். உல்லாசப் பயணச் சபையிற் பதிவுபெற்ற விடுதியிடமிருந்து, அதன் முந்திய ஆண்டு வருமானத்தில் நூற்றுக்கு ஒன்று வரை பிரதேச சபை உரிமக் கட்டணமாக அறவிடலாம். ஒரு விடுதி வருடத்திற்கு 2 கோடி ரூபா உழைத்தால் சபைக்கு உச்சமாகக் கிடைப்பது 2 இலட்சம். பதியாத விடுதியிடம் அதுவும் இல்லை. இந்தக் காசைக்கொண்டு குப்பை அள்ளவும் விளக்குப் போடவும் வேண்டும். விடுதிகள் வந்தால் சபை செல்வம் கொழிக்கும் என்று வேட்பாளர் சொன்னால், இந்தக் கணக்கை அவரோடு இருந்து போட்டுப் பார்க்கலாம்.

குப்பையைப் பற்றி விரிவாகவே பேசவேண்டும். ஏனென்றால் கடற்கரைப் பட்டினத்தின் குப்பை கடற்கரையில் வைக்கப்படுவதில்லை. அது உள்ளே, காடும் வயலும் சந்திக்கும் இடத்தில், கேட்க ஆளில்லாத காணியிற்தான் கொட்டப்படுகிறது. அம்பாறை மாவட்டம் பள்ளக்காட்டில் அப்படியொரு குப்பைமேட்டில் பிளாஸ்ரிக்கைத் தின்று, எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்தன என்று 2022 சனவரியிற் செய்தி வந்தது. உணவு வாசனைக்கு வரும் யானை குப்பையோடு நிற்பதில்லை. பக்கத்து வயலுக்கும் வரும் என்பதை விவசாயிக்கு நாம் சொல்லத் தேவையில்லை. திருகோணமலை நகரத்து மான்கள் பொலித்தீன் மெல்லுவதையும் நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். எனவே வேட்பாளரிடம், "குப்பை எந்தக் காணிக்குப் போகும்?" என்று காணியின் பெயரோடு கேட்க வேண்டும்.

தண்ணீரும் அப்படியே. கரையோர மணலின் கீழ் நன்னீர், உவர்நீரின்மேல் மெல்லிய படையாக நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி மோட்டர் போட்டு இறைத்தால் உவர் மேலே வரும். மலசலகூடக் குழி கிணற்றுக்குக் கிட்ட இருந்தால் அதுவும் கலக்கும். வரைபடத்திற்கு அனுமதி கொடுக்கும்போதே சபை இதைக் கவனிக்கலாம். அன்றைய கூட்டத்தில் இதைக் கேட்டவர்கள் பெண்களே. சபைகளில் நூற்றுக்கு 25 இடம் பெண்களுக்கென்று 2018 தேர்தல் முதல் ஒதுக்கப்பட்டது வீணல்ல.

இன்னொன்று: அந்த இளைஞர், வீதியிற் கட்டாக்காலி மாடு இராது என்றும் வாக்களித்தார். மாட்டைப் பிடித்து அடைக்கவும் தண்டம் வாங்கவும் சபையால் முடியும். மேய்ச்சற்றரைக்கு அரச காணி ஒதுக்குவது அதன் கையில் இல்லை. அதற்குப் பிரதேச செயலகத்தின் படியேற வேண்டும். முதலாவதைச் செய்ய முன் இரண்டாவதற்காக அவர் படியேறுவாரா என்பதே கேள்வி. மேய்ச்சற்றரை இழந்த மாடு வீதிக்கு வராமல் வேறெங்கே போகும்?

உரிமம் கொடுக்கும் கை மறுக்கவும் வல்லது என்பதற்குத் தூரத்து உதாரணம் ஒன்று உண்டு. ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகரில், வங்கிக் கடனால் வீடிழந்தோரின் இயக்கத்திற்காகப் பேசிவந்த அடா கொலாவு என்ற பெண்மணி, உல்லாசப் பயணிகளின் பெருக்கத்தினால் ஊரவர் வெளியே தள்ளப்படுகிறார்கள் என்று சொல்லி 2015இல் மேயரானார். பதவியேற்ற அடுத்த மாதமே, புதிய விடுதி உரிமங்களை ஒரு வருடத்திற்கு நிறுத்தினார். 2017இல் எந்தப் பகுதியில் எவ்வளவு விடுதி என்று திட்டம் வகுத்தார். அதனால் வீட்டுப் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. பெரிய நகரம், பெரிய சட்டத்துறை. எமது சபைகளிடம் அவை இல்லை. ஆயினும் முதலில் நிறுத்தி, எண்ணிப் பார்த்து, பிறகு கொடுப்பது என்ற ஒழுங்கு சிறிய சபைக்கும் எட்டாததல்ல.

தேர்தல் முடிந்துவிட்டதே என்று சிலர் கேட்கக்கூடும். தெரிவானவர் சபையில் இருக்கும் காலமெல்லாம் கேட்கலாம். சபை அமைக்கும் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்க்கச் சட்டம் இடமளிக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்திற் கேட்டால், தருவதா இல்லையா என்பதை 14 வேலைநாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை.

குழுக்களுக்கு இம்முறை வேலை இது: முதியவர் இருவரையாவது கூட்டிக்கொண்டு, உங்கள் வட்டாரத்தில் கடலுக்கும் குளத்துக்கும் வயலுக்கும் 2006க்கு முன் நீங்கள் நடந்த ஒழுங்கைகளை ஒரு தாளில் வரையுங்கள். எது திறந்திருக்கிறது, எது வேலிக்குள், எது பற்றைக்குள் என்று குறியுங்கள். இன்னும் உறவினர் வீட்டில் இருப்பவர்கள் நினைவிலிருந்தே வரையலாம். பின்னர், சபையின் பதிவேட்டில் அவற்றுள் எவை உள்ளன என்று கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். கடிதத்தின் பிரதியையும் கொடுத்த திகதியையும் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள்; அடுத்த கூட்டத்தில் அவற்றை வைத்துப் பேசுவோம்.