பேட்டரிக்கட்டைக்கு வெயில் வைத்தியம் பலிக்குமா?

காரியாபட்டி வட்டாரம் வானம் பார்த்த பூமி. விளைச்சல் நேரத்தில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்கப் போகிறவர்கள் டார்ச் லைட் இல்லாமல் கிளம்புவதில்லை. வெளிச்சம் மங்கினால் கட்டைகளைக் கழற்றி வெயிலில் காயப்போடுவது தாத்தா காலத்துப் பழக்கம். இன்று டிவி ரிமோட்டின் சின்னக் கட்டைக்கும் அதே வைத்தியம்தான். வெயில் பட்டால் கரண்ட் ஏறும் என்பது நம்பிக்கை.

ஏறாது. ஆனால் காயவைத்த கட்டை கொஞ்ச நேரம் பளிச்சென்று எரிவது உண்மை. கண்ணால் கண்டதை இல்லையென்று சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்? காரணம் கட்டைக்குள் இருக்கிறது.

சாதாரண டார்ச் கட்டையின் மேலுறைக்குள் இருப்பது ஒரு துத்தநாகக் குவளை. அதன் அடிப்பக்கம்தான் மைனஸ் முனை. குவளையின் உட்சுவரை ஒட்டி, நவச்சாரமோ துத்தநாகக் குளோரைடோ ஊறிய பசைத்தாள். அதற்குள் மாங்கனீசு டை ஆக்சைடும் கரித்தூளும் கலந்த கறுப்புப் பொடி ஈரத்தோடு இறுக்கி அடைக்கப்பட்டிருக்கும். நட்டநடுவே கார்பன் குச்சி. அதன் தலையில் உலோகத் தொப்பி. அதுவே பிளஸ் முனை. கரண்ட் என்று தனியாக எதையும் உள்ளே ஊற்றி வைப்பதில்லை. சுவிட்சைப் போட்டதும் துத்தநாகம் எலக்ட்ரான்களை விட்டுக் கரையத் தொடங்குகிறது. அவை அடிப்பக்கமாக வெளியேறி, பல்பு வழியே போய், தொப்பியில் நுழைந்து கறுப்புப் பொடியைச் சேர்கின்றன. கார்பன் குச்சிதான் கரண்ட் தருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது வெறும் பாதை. வேலை செய்வது துத்தநாகமும் மாங்கனீசு டை ஆக்சைடும்.

தொடர்ந்து எரியும்போது வேதிவினையில் உண்டாகும் பொருள்கள் அங்கங்கே தேங்கி வழியை அடைக்கின்றன. கட்டைக்கு ஓய்வு கொடுத்தால் அந்தத் தேக்கம் ஓரளவு கலைகிறது. சூடு பட்டால் மிச்சமிருக்கும் வினை கொஞ்சம் வேகமாகிறது. சில நிமிட வெளிச்சம் இப்படித்தான் கிடைக்கிறது. கரைந்த துத்தநாகம் திரும்பி வருவதில்லை. அதோடு, நம் ஊர் வெயிலில் பசையின் ஈரம் வற்றும். ஏற்கெனவே அரிபட்ட குவளை ஓட்டையாகி உப்புநீர் கசிந்து டார்ச்சின் ஸ்பிரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். கட்டையைப் பல்லால் கடிப்பதும் தரையில் தட்டுவதும் இதே கணக்குத்தான்.

உலர் மின்கலம் என்று பாடப்புத்தகத்தில் படித்ததால் உள்ளே ஈரமே இல்லை என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். முற்றிலும் உலர்ந்த கட்டை வேலையே செய்யாது. பிரான்சின் லெக்லாஞ்சே 1866இல் செய்த மின்கலம் கண்ணாடிச் சாடியில் திரவத்தோடு இருந்தது. ஜெர்மனியின் கார்ல் காஸ்னர் 1886இல் அந்தத் திரவத்தைப் பசையாக்கினார். கவிழ்த்தாலும் சிந்தாது என்பதுதான் அவர் கொண்டுவந்த மாற்றம்.

பட்டாசுத் தொழில் சூழ்ந்த இந்த மாவட்டத்தில் இன்னொரு எண்ணமும் உண்டு: உடைத்தால் கொட்டும் கறுப்புப் பொடி ஒருவகை வெடிமருந்து என்று. கருமருந்து என்பது வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்தது, கட்டைப்பொடி அதுவல்ல. ஆனாலும் இரண்டுக்கும் ஓர் உறவு இருக்கிறது. பட்டாசுக்குள் ஒரு பொருள் எலக்ட்ரானைக் கொடுக்கிறது, இன்னொன்று வாங்கிக்கொள்கிறது. இரண்டும் ஒன்றாகக் கலந்திருப்பதால் எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்து வெடிக்கிறது. கட்டையில் கொடுப்பதையும் வாங்குவதையும் ஒரு பசைத்தாள் பிரித்து வைத்திருக்கிறது. அதனால் எலக்ட்ரான் வெளியே கம்பி வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். அந்தச் சுற்றுவழியின் இரு வாசல்கள்தான் பிளஸ், மைனஸ் முனைகள். மாங்கனீசு டை ஆக்சைடு ஆக்சிஜன் தரக்கூடியது என்பதால் கட்டைப்பொடியைப் பட்டாசு மருந்தோடு சேர்த்து விளையாடுவது ஆபத்து. பிள்ளைகளுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

பெரிய கட்டையில் வோல்ட் அதிகம் என்பதும் தவறு. டார்ச்சின் தடித்த கட்டையும் ரிமோட்டின் சின்னக் கட்டையும் 1.5 வோல்ட்தான். பெரியதில் பொருள் அதிகம், அதனால் நீடித்து உழைக்கும். மூன்று கட்டை டார்ச்சில் ஒன்றைத் தலைகீழாகப் போட்டால் 4.5 வோல்ட்டுக்குப் பதில் 1.5 வோல்ட்தான் கிடைக்கும். அல்கலைன் கட்டையில் உள்ளமைப்பே வேறு: துத்தநாகத் தூள் நடுவில், மாங்கனீசு டை ஆக்சைடு சுற்றிலும், எஃகுக் கூடு பிளஸ். இருந்தாலும் வெளியே குமிழ் பிளஸ், தட்டை மைனஸ் என்ற முறை மாறுவதில்லை.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது கடைசி நம்பிக்கை: ஒன்றரை வோல்ட் என்ன செய்துவிடும்? தொட்டால் ஷாக் அடிக்காது, சரி. ஆனால் இரு முனைகளையும் மெல்லிய கம்பி இணைத்துவிட்டால் கம்பி கையைச் சுடும் அளவுக்குக் காயும். நுண்ணிய எஃகு இழைகள் தீப்பற்றியே எரியும். பட்டாசு மருந்துத் தூசி படியும் ஷெட்டில் தீப்பற்ற அந்தச் சூடு போதும். சாவிக்கொத்தோடு சட்டைப்பையில் கிடக்கும் கட்டையை வேலைக்குப் போகும் முன் வீட்டிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். வீட்டிலும் கட்டைகளைச் சில்லறையோடு ஒரே டப்பாவில் போடாமல், முனைகளில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டி வையுங்கள்.