தோட்டத்துப் பன்றியும் அமெரிக்கப் பிஸ்டலும்: துப்பாக்கி உரிமம் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் துப்பாக்கி இரண்டு வழிகளில் பேச்சுக்கு வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் மாவும் தென்னையும் மக்காச்சோளமும் வைத்து, விளைந்ததில் ஒரு பங்கைக் காட்டுப்பன்றிக்குப் பறிகொடுக்கும் விவசாயிகளிடம் அது ஆற்றாமையாக வருகிறது. பிள்ளைகளைப் படிப்புக்கும் மென்பொருள் வேலைக்கும் அமெரிக்காவுக்கு அனுப்பிய வீடுகளில் அது கொஞ்சம் பெருமையாகவும் கொஞ்சம் கலக்கமாகவும் வருகிறது. இரு தரப்பும் வைத்திருக்கும் நம்பிக்கைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் சறுக்குகின்றன. ஒரு நாட்டில் சட்டப்படி வசிக்கும் அனுமதி வேறு, அங்கே துப்பாக்கி வைத்திருக்கும் அனுமதி வேறு, அந்தத் துப்பாக்கியால் ஓர் உயிரைச் சுடும் அனுமதி முற்றிலும் வேறு என்பதை மறந்து, ஒன்று கைக்கு வந்தால் மற்றவை தாமாகவே வந்துவிடும் என்று கொள்வதே அந்தச் சறுக்கல்.

“அமெரிக்காவில் பணம் கொடுத்தால் யாருக்கும் துப்பாக்கி”

1791-இல் சேர்க்கப்பட்ட 2-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் அமெரிக்க மக்களுக்கு ஆயுதம் தாங்கும் உரிமையை அளிக்கிறது என்பது உண்மை. ஆயினும் அந்த உரிமையின் வாசலில் வெளிநாட்டவரைத் தரம் பிரிக்கும் ஒரு சட்டம் நிற்கிறது. 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 1998-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, குடியேற்றம் சாராத விசாவில், அதாவது வேலைக்கோ படிப்புக்கோ சுற்றுலாவுக்கோ குறிப்பிட்ட காலம் தங்கிவிட்டுத் திரும்ப வேண்டிய விசாவில், உள்ளே வந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வாங்குவதும் வைத்திருப்பதும் கூட்டாட்சிக் குற்றம். எச்-1பி விசாவில் இருக்கும் பொறியாளர், எஃப்-1 விசாவில் இருக்கும் மாணவர், எச்-4 விசாவில் உடன் சென்ற மனைவி அல்லது கணவர் ஆகிய மூவரும் இந்தத் தடைக்குள் வருகிறார்கள். பத்தாண்டுகளாக வரி கட்டிவருவதோ சொந்த வீடு வாங்கியிருப்பதோ இந்த நிலையை மாற்றாது. நிரந்தர வசிப்புரிமை அட்டை, பேச்சு வழக்கில் கிரீன் கார்டு, பெற்றவருக்கு இந்தத் தடை கிடையாது. உரிமம் பெற்ற கடையில் 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்பி, தம் அயல்நாட்டவர் பதிவெண்ணைக் குறிப்பிட்டு, பின்னணிச் சோதனையில் தேறினால், அந்தந்த மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டு அவர் வாங்கலாம்.

தடைக்கு விலக்குகள் உண்டு. அவற்றுள் ஒன்று விந்தையானது. ஏதேனும் ஓர் அமெரிக்க மாநிலம் வழங்கிய, நடப்பிலுள்ள வேட்டை உரிமம் கையில் இருந்தால், தற்காலிக விசாவில் இருப்பவரும் துப்பாக்கி வாங்கத் தகுதி பெறுகிறார். அவர் உண்மையிலேயே வேட்டைக்குப் போகிறாரா என்று சட்டம் கேட்பதில்லை. ஆனால் அந்த உரிமம் காலாவதியாகும் நாளில், அலமாரியில் கிடக்கும் அதே துப்பாக்கி குற்றப்பொருளாக மாறிவிடுகிறது. விசாக் காலம் முடிந்தும் தங்கியிருப்பவருக்கு வேட்டை உரிமமும் கைகொடுக்காது, ஏனெனில் சட்டவிரோதமாகத் தங்கியிருப்போருக்கான தடை தனிப் பிரிவு. சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் “வைத்திருத்தல்” என்ற கணக்கிலேயே சேரும் என்பது பலருக்கு எட்டாத செய்தி. வார இறுதியில் நண்பர்களோடு போய், வாடகைத் துப்பாக்கியைத் தோளில் சாய்த்து எடுத்த படத்தை ஊரிலுள்ள குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பும் இளைஞர், தம் விசாவையே பணயம் வைத்திருக்கக்கூடும். இந்தத் தடையை மீறினால் 2022-க்குப் பின் 15 ஆண்டுகள் வரை சிறை. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால், கிரீன் கார்டு உள்ளவரையும் நாடு கடத்த முடியும். கிரீன் கார்டு பெற்ற கணவர், தடைக்குள் இருக்கும் மனைவிக்காகத் தம் பெயரில் வாங்கிக் கொடுப்பதும் இதே வகைக் குற்றமே.

“அங்கே வாங்கியதை ஊருக்குக் கொண்டுவரலாம்”

அமெரிக்கக் கடைகளில் மிகப் பரவலாக விற்கும் கைத்துப்பாக்கி 9 மில்லிமீட்டர் பிஸ்டல். இந்தியாவில் படையினரின் 9 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுடக்கூடிய பிஸ்டல்கள் “தடைசெய்யப்பட்ட” வகையில் வைக்கப்பட்டுள்ளன. அவ்வகைக்கு உரிமம் தருவது மாவட்ட ஆட்சியரின் கையில் இல்லை, அது மத்திய உள்துறையைச் சார்ந்தது. தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் அரைத்தானியங்கி ரைஃபிள்களும் பெரும்பாலும் தடை வகையைச் சேர்ந்தவை. ஆகவே அங்கே முறைப்படி ரசீதுடன் வாங்கிய பொருள், இங்கே இறங்கும்போது ஏழு ஆண்டுகளிலிருந்து பதினான்கு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய பொருளாகிவிடலாம். பெட்டியின் ஓரத்தில் மறந்து கிடந்த ஒற்றைத் தோட்டாவும் விமான நிலையத்தில் வழக்காகும். அது அங்கே இருப்பது பயணிக்குத் தெரிந்திருந்ததா என்பதை நீதிமன்றங்கள் ஆராய்கின்றன என்றாலும், அந்த ஆராய்ச்சிக்குள் போவதற்கு முன்பே கடவுச்சீட்டும் விடுப்பும் சிக்கிக்கொள்ளும்.

“நிலமும் செல்வாக்கும் உள்ளவருக்கே லைசன்ஸ்”

இந்த நம்பிக்கைக்குப் பழைய வேர் இருக்கிறது. லிட்டன் பிரபுவின் ஆட்சியில் வந்த 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஐரோப்பியருக்கு விலக்களித்து இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. உரிமம் பெற்ற இந்தியர்களோ பெரும்பாலும் ஜமீன்தார்களும் ஆட்சிக்கு வேண்டியவர்களும்தான். துப்பாக்கி என்பது அந்தஸ்தின் அடையாளம் என்ற எண்ணம் அப்போது படிந்தது, இன்னும் முழுதாகக் கரையவில்லை. ஆனால் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தால் உரிமத்தை மறுக்கக் கூடாது என்று 14-ஆம் பிரிவில் வெளிப்படையாகச் சொல்கிறது. அதற்காக இங்கே துப்பாக்கி ஓர் உரிமை என்று கருதிவிடலாகாது. அமெரிக்காவில் உள்ளதுபோன்ற அடிப்படை உரிமை எதையும் இந்திய அரசியலமைப்பு வழங்கவில்லை என்று 2023 பிப்ரவரியில், உரிமமற்ற துப்பாக்கிகள் தொடர்பான வழக்கில் நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு சுட்டிக்காட்டியது.

நடைமுறை இதுதான்: 21 வயது நிறைந்தவர், வன்முறைக் குற்றத்துக்காகவோ ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகவோ தண்டனை பெற்று அதன் தடைக்காலத்தில் இல்லாதவர், மனநலம் குன்றாதவர் என்ற நிலையில் இருப்பவர், 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி விருதுநகர் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க, காவல்துறை அறிக்கை பெற்று ஆட்சியர் முடிவெடுக்கிறார். 2019-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகளே வைத்திருக்கலாம், முன்பு மூன்று. பரம்பரையாக வந்தவையும் இந்தக் கணக்கில் அடங்கும். உரிமத்தின் காலம் மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்தாக நீட்டப்பட்டது. கல்யாண ஊர்வலத்திலும் திருவிழாவிலும் வானை நோக்கிச் சுடுவது தனிக் குற்றமாக்கப்பட்டதும் அதே திருத்தத்தில்தான்.

“பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி கொடுத்தால் பன்றியைச் சுடலாம்”

மலையடிவாரத்தின் முதன்மையான நம்பிக்கை இது. அரைகுறையான உண்மையின் மேல் எழுந்தது என்பதால் அசைப்பதற்கும் கடினமானது. ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழியே மருந்தும் ரவையும் திணித்துச் சுடும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்கப்பட வேண்டும் என்கிறது. காவல்துறைப் பதிவேடுகளில் எம்.எல். என்று சுருக்கி எழுதப்படுவது இதுவே. அது போதாது என்று அதிகாரி கருதினால், பின்புறம் மடக்கித் தோட்டா போடும் ஒற்றைக்குழலையோ இரட்டைக்குழலையோ அனுமதிக்கலாம் என்றும் அப்பிரிவில் இடம் உண்டு. இவ்வளவும் உண்மை. ஆனால் இவை அனைத்தும் கருவியைப் பற்றிய விதிகள். அந்தக் கருவி எதை நோக்கித் திரும்பலாம் என்பதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியே தீர்மானிக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய மலையில் 1988-இல் சாம்பல் நிற அணில்கள் சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021-இல் மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமும் ஆயிற்று. சரணாலயத்தின் எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் ஒப்புதல் இன்றிப் புதிய துப்பாக்கி உரிமம் வழங்கக் கூடாது என்று வனவிலங்குச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு விதிக்கிறது. ஏற்கெனவே உரிமம் வைத்திருந்தவர்களும், சரணாலயம் அறிவிக்கப்பட்ட மூன்று மாதத்துக்குள் தம் பெயரைப் பதிவு செய்ய விண்ணப்பிக்க வேண்டும். செண்பகத்தோப்புப் பக்கத்துத் தோப்புகளும் ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோயில் பக்கத்துத் தோட்டங்களும் இந்த வளையத்துக்குள் இருக்கின்றன. ஆட்சியர் அலுவலகத்தில் கோப்பு நகராமல் இருப்பதற்குக் கையூட்டோ சிபாரிசோ காரணம் என்று டீக்கடையில் பேசப்படுவதற்கு முன், காடு என்ற இரண்டாவது வாசல் ஒன்று இருக்கிறது என்பதை விண்ணப்பதாரர் அறிந்திருப்பது நல்லது. அந்த வளையத்தைக் கடந்து சரணாலயத்துக்குள் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி ஆயுதத்துடன் நுழைவது, உரிமம் சட்டைப்பையிலேயே இருந்தாலும் குற்றம்.

இனி பன்றி. 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டத்தின் 2-ஆம் அட்டவணையில் காட்டுப்பன்றி இடம்பெற்றிருக்கிறது. ஆகவே அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த ஏற்பாடு நிலத்தை மூன்று வளையங்களாகப் பிரித்தது: காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைத் தொடக் கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை வனத்துறையினர் பிடித்துக் காட்டுக்குள் விடலாம், மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். “பன்றியைச் சுட அரசு அனுமதித்துவிட்டது” என்று பரவிய செய்தியில் விடுபட்டுப்போனது, சுடும் கை வனத்துறையுடையது என்ற பகுதிதான். அடிவாரத்திலேயே நிலம் வைத்திருப்பவருக்கு, அதாவது பன்றியின் தொல்லை மிகுதியாக உள்ளவருக்கு, இந்த ஏற்பாட்டால் மிகக் குறைந்த பயனே கிடைக்கிறது என்ற மனக்குறை நியாயமானது. அதைச் சொல்ல வேண்டிய இடம் அரசு. தோட்டத்து இருட்டில் நாட்டுத்துப்பாக்கியால் அதற்குத் தீர்வு காண முயல்பவர் இரண்டு சட்டங்களின் கீழ் ஒரே இரவில் குற்றவாளியாகிறார். உரிமமில்லாத் துப்பாக்கிக்கு மட்டும் குறைந்தது இரண்டு ஆண்டுகள், அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள் சிறை.

உயிருக்கு ஆபத்து நேரும்போது, தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்துடன் விலங்கைக் கொல்வது குற்றமாகாது என்று வனவிலங்குச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு சொல்கிறது. கொல்லப்பட்ட விலங்கு அப்போதும் அரசின் உடைமை, கறியாகப் பங்கு போடுவதற்கல்ல. இந்த விலக்கு மனித உயிருக்குத்தான், வாழைக்குலைக்கு அல்ல. துப்பாக்கியை விட்டுவிட்டு நாயை ஏவினால் தப்பலாம் என்ற எண்ணமும் நிலைக்காது. காட்டுப்பன்றி வேட்டைக்குப் பேர்போன ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் அஞ்சல் தலை வெளியிட்ட அரசின் சட்டமே, விலங்கைத் துரத்துவதையும் விரட்டிப் பிடிப்பதையும் “வேட்டை” என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. பழத்துக்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கும் அவுட்டுக்காயோ, பன்றியோடு மாட்டின் தாடையையும் பிய்க்கிறது, யானையையும் விட்டுவைப்பதில்லை.

சில்லறை நம்பிக்கைகள் சில

பக்கத்துச் சிவகாசியில் பட்டாசுத் தொழில் நடப்பதால் கரிமருந்து வைத்திருப்பது பெரிய விஷயமல்ல என்று கருதுவோர் உண்டு. பட்டாசு ஆலைக்கான வெடிபொருள் உரிமம் 1884-ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அந்த ஆலைக்குத் தரப்படுவது. அது ஒருவருடைய குழலுக்குள் போகும் மருந்தை எவ்விதத்திலும் காக்காது. ஏர் கன் எனப்படும் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமமே வேண்டாம் என்பதும் பாதியளவே சரி, குழல்துளை 4.5 மில்லிமீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாதவற்றுக்கே அந்த விலக்கு. விலக்குப் பெற்ற ஏர் கன்னால் மயிலைச் சுட்டாலும் மயில் வனவிலங்குச் சட்டத்தின் 1-ஆம் அட்டவணைப் பறவைதான்.

தாத்தாவின் துப்பாக்கி தானாகவே பேரனுக்கு வந்துசேரும் என்பது பழைய வீடுகளில் இன்னும் உறுதியாக நம்பப்படுகிறது. உரிமம் மனிதரோடு முடிந்துபோகிறது. அவர் மறைந்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தம் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். உரிமதாரர் 70 வயதை எட்டினாலோ 25 ஆண்டுகள் அதை வைத்திருந்தாலோ, உயிரோடிருக்கும்போதே வாரிசைப் பரிந்துரைக்க விதி இடம் தருகிறது. அமெரிக்காவில் இருக்கும் மகன் விடுமுறைக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அலமாரியிலேயே பூட்டி வைக்கும் குடும்பம், துக்க வீட்டிலேயே ஒரு குற்றத்தைத் தொடங்கி வைக்கிறது.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் எதுவும் செய்ய முடியாது என்பது கடைசி நம்பிக்கை. மறுப்புக்கான காரணத்தை அதிகாரி எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். பொதுநலன் கருதி வெளியிடக் கூடாது என்று அவர் கருதும் நிலை தவிர, விண்ணப்பதாரர் கேட்டால் அதன் சுருக்கத்தைக் கொடுக்கவும் வேண்டும். அந்த ஆணையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய ஆயுதச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு வழி செய்கிறது. கால வரம்பு 30 நாள்கள். மறுப்பு வந்தவுடன் இடைத்தரகரைத் தேடுவதற்கு முன், காரணத்தை எழுத்தில் கேட்டு ஒரு மனு கொடுங்கள்.