'நிலுவையில் உள்ளது' என்றால் என்ன பொருள்?

கல்லூரிக் கட்டணம் செலுத்தக் கடைசி நாள். தந்தை ஒருவர் கைப்பேசிச் செயலியில் தொகையையும் இரகசிய எண்ணையும் இடுகிறார். திரையில் வட்டம் சுழல்கிறது. பின்னர், 'பரிவர்த்தனை நிலுவையில் உள்ளது' என்ற செய்தி தோன்றுகிறது. பதற்றத்தில் மீண்டும் ஒருமுறை செலுத்துகிறார். மறுநாள் பார்த்தால், கணக்கிலிருந்து இருமுறை பணம் கழிக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய முறையீடுகள் வங்கிக் கிளைகளுக்குப் புதியவை அல்ல. திரைக்குப் பின்னால் நடப்பதை அறிந்திருந்தால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

செயலி தங்கள் கணக்கை நேரடியாகத் தொடுவதில்லை. கோரிக்கை முதலில் வங்கியின் இடைநிலை சர்வரை அடைகிறது. அந்த சர்வர்தான், பேரேடுகள் அனைத்தையும் தாங்கியுள்ள மையக் கணினியுடன் தொடர்பு கொள்கிறது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக இணைப்பு ஏற்படுத்தி, அடையாளத்தைச் சரிபார்ப்பதென்றால் தாமதமாகும். எனவே, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான இணைப்புகள் முன்கூட்டியே திறந்து வைக்கப்படுகின்றன. கோரிக்கை வந்ததும் ஓர் இணைப்பு ஒதுக்கப்படும்; பணி முடிந்ததும் அது அடுத்த கோரிக்கைக்குத் தரப்படும். கிளையில் சில காசாளர்கள் மாறி மாறிப் பலருக்குச் சேவை செய்வதைப் போன்றதே இது.

இணைப்புகளை வரம்பின்றிப் பெருக்கலாகாதா எனக் கேட்கலாம். மையக் கணினி ஒரே வேளையில் கையாளக்கூடிய பணிக்கும் ஓர் அளவு உண்டு. அதை மீறினால் அனைவரின் பணியும் மந்தமாகும். ஆகவே, இணைப்புகளின் எண்ணிக்கைக்கும் காத்திருக்கும் நேரத்திற்கும் பொறியாளர்கள் எல்லை வகுக்கிறார்கள்.

அந்த நேர எல்லை இருவிதமாகக் கடக்கப்படலாம். முதலாவது, சம்பள நாள் போன்ற நெரிசலில் இணைப்பே கிடைக்காமல் போவது. அப்போது கோரிக்கை பேரேட்டை எட்டுவதில்லை, பணமும் கழிக்கப்படுவதில்லை. இரண்டாவது, கோரிக்கை சென்றபின் மறுமொழி உரிய நேரத்தில் திரும்பாமல் போவது. அந்நிலையில் பணம் கழிந்திருக்கலாம், கழியாமலும் இருக்கலாம். சர்வருக்கே அது உடனடியாகத் தெரியாது. 'தோல்வி' என்னாமல் 'நிலுவை' என்று திரை கூறுவது இதனால்தான்.

ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி எண் உண்டு. கணினிகள் அவ்வெண்ணைக் கொண்டே நிலையை விசாரித்துத் தெளிவடைகின்றன. ஆனால் வாடிக்கையாளர் மீண்டும் செலுத்தும்போது புதிய எண் பிறக்கிறது. கணினிக்கு அது முற்றிலும் வேறொரு கட்டளை. அதையும் தயங்காமல் நிறைவேற்றிவிடும்.

ஆகவே, நிலுவைச் செய்தி வந்தால் மீண்டும் செலுத்த விரையாதீர்கள். யுபிஐ எனில் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, கணக்கு அறிக்கையைப் பாருங்கள். கட்டணம் பெறுவோரிடமும் வரவைக் கேட்டறியுங்கள்.

பணம் கழிந்தும் உரியவரைச் சேராவிட்டால், ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை தங்களுக்குத் துணை நிற்கிறது. யுபிஐ வழியே ஒருவருக்கு அனுப்பிய பணம் அவர் கணக்கில் சேரவில்லையெனில், பரிவர்த்தனை நாளுக்கு அடுத்த 1 நாளுக்குள் அது திரும்ப வரவேண்டும். வணிகருக்குச் செலுத்தி உறுதிப்பாடு கிடைக்காதபோதும், ஏடிஎம்மில் கணக்கு கழிந்து பணம் வெளிவராதபோதும் 5 நாள்கள் அவகாசம். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வங்கியில் முறையிட்டு 30 நாள்களுக்குள் பதில் கிடைக்காவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

இணையத்தில் தேடிக் கிடைக்கும் 'வாடிக்கையாளர் சேவை' எண்களை மட்டும் நம்பாதீர்கள். அட்டையின் பின்புறமோ கணக்குப் புத்தகத்திலோ அச்சிடப்பட்டுள்ள எண்ணையே அழையுங்கள். பணத்தைத் திரும்பப் பெறுவதற்கு இரகசிய எண்ணோ ஓடிபியோ ஒருபோதும் தேவையில்லை. அவற்றைக் கேட்பவர் வங்கியைச் சேர்ந்தவர் அல்லர்.